அஞ்சலை வாய்க்கால்

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்த ஓர் அம்மாள் காலமாகி ஒரு வருஷம் பூர்த்தியானதை முன்னிட்டு, சென்ற மாதம் அக்கம்பக்கத்தார் ஒரு சிறு கூட்டம் கூட்டியிருந்தார்கள். அம்மாளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. யாராவது நாலு பேர் நடுவில் தம்மைப் புகழ்ந்தால், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிற சுபாவம் அவருக்கு.

2019-ம் வருஷத்துக் கோடையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. தண்ணீர் லாரி வந்து நின்றதோ இல்லையோ, தெருவில் குருக்ஷேத்திரம் ஆரம்பமாகிவிடும். அந்தச் சமயத்தில் இடுப்பில் பேரக் குழந்தையும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாக வந்து நின்று, வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்துச் சண்டையை அடக்கியவர் அந்த அம்மாள். துணையில்லாத கிழவர் கிழவிகளுடைய குடம் முதலில் நிரம்பும். அவர் வீட்டுக் குடம் கடைசியில்தான். சில நாள் அது நிரம்பாமலே திரும்பியதும் உண்டு.

கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "வீட்டையும் கவனித்தார், ஊருக்கும் உழைத்தார்" என்றார்கள். நல்ல எண்ணத்துடன் சொன்னதுதான். ஆனாலும் அந்த இரண்டு "உம்"களும் என் காதில் உறுத்திக்கொண்டேயிருந்தன. பொதுக் காரியம் செய்த புருஷர் ஒருவர் காலமானால், "குழந்தைகளையும் கவனித்தார்" என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லையே! ஸ்திரீகள் விஷயத்தில் மட்டும் முதலில் வீட்டுக் கணக்கைத் தீர்த்துக் காட்டிய பிறகுதான் ஊர்க் கணக்கைத் தொட நமக்குத் தைரியம் வருகிறது.

வீடு திரும்புகையில் கடலூர் ஸ்ரீமதி அஞ்சலை அம்மாளின் ஞாபகம் வந்தது.

1890-ம் வருஷம் கடலூர் முதுநகரில் பிறந்தவர் அவர். பெரிய படிப்பு இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஒத்துழையாமை இயக்கம் நடந்த நாளில், 1921-ல், கணவர் முருகப்பருடன் பொதுவாழ்வில் இறங்கினார். தேசத்துக்காக நிலத்தை விற்றார். குடியிருந்த வீட்டையும் விற்றார்.

1927-ல் சென்னை மௌண்ட் ரோட்டில் நின்ற நீல் துரையின் சிலையை அகற்ற வேண்டுமென்று சத்தியாக்கிரகம் நடந்தது. 1857-ல் வட இந்தியாவில் ஈவிரக்கமின்றி ஜனங்களைத் தூக்கிலிட்ட தளபதிக்கு நம் தலைநகரில் சிலை! அதை எதிர்க்கக் கடலூரிலிருந்து போனவர்களில் அஞ்சலை அம்மாள் ஒருவர். தனியாகப் போகவில்லை, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போனார். தாயும் மகளும் தண்டனை பெற்றார்கள். காந்தி மகான் அந்தக் குழந்தைக்கு லீலாவதி என்று பெயர் சூட்டித் தம் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சற்றுத் தயங்குவதுண்டு. ஒன்பது வயதுக் குழந்தையை அப்படி அழைத்துப் போகலாமா? நானாயிருந்தால் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். போயிருப்பேனா என்பதே சந்தேகம். அஞ்சலை அம்மாளைக் கல்நெஞ்சக்காரி என்று அக்காலத்தில் யாராவது சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பின்னால் அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று பார்க்க வேண்டும். வளர்ந்த பின்னும் லீலாவதி தாயின் வழியை விட்டு விலகவில்லை. காரல் மார்க்ஸின் "மூலதன"த்தைத் தமிழில் பெயர்த்த தியாகி ஜமதக்னியை மணந்து, தானும் தேச சேவையிலேயே நின்றாள். அம்மா தனக்குப் பிரியமானது எதுவோ அதில் மகளுக்கும் பங்கு கொடுத்தாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் தின்பண்டத்தில் கொடுக்கிறோம். அவள் சிறைவாசத்தில் கொடுத்தாள்.

சட்டமறுப்புப் போராட்டத்தின்போது மறுபடியும் கைதாகி வேலூர்ச் சிறைக்குப் போனார் அஞ்சலை அம்மாள். அப்போது நிறை கர்ப்பம். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளை பிறந்தான். பதினைந்து நாள் ஆவதற்குள் பச்சைக் குழந்தையை விட்டுப் பிரிய மனமின்றி, அதையும் எடுத்துக்கொண்டு சிறைக்குத் திரும்பினார் என்பார்கள். "ஜெயில் வீரன்" என்று அவனுக்குப் பெயர் வாய்த்தது. நம் வீடுகளில் குலதெய்வத்தின் பெயரை வைப்போம்!

காந்தி மகான் கடலூருக்கு வந்தபோது இந்த அம்மாளைச் சந்திக்கக் கூடாதென்று சர்க்கார் தடுத்ததும், அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து மகாத்மாவைத் தரிசித்ததும் கடலூரில் பலர் அறிந்த கதை. தென்னாட்டு ஜான்ஸிராணி என்ற பட்டம் அப்போது கிடைத்ததுதான். பட்டங்களில் எனக்கு அவ்வளவு ருசியில்லை. 1937-ல் அவர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே வருஷம் ராஜாஜி மந்திரிசபை நீல் சிலையை மௌண்ட் ரோட்டிலிருந்து பெயர்த்து மியூஸியத்துக்கு அனுப்பியது. இதை நினைத்தால்தான் எனக்கு மனம் குளிர்கிறது.

சுதந்திரம் வந்த பிறகு தியாகிகளுக்கான உபகாரச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். அவர் கவனமெல்லாம் தண்ணீரில் இருந்தது. புவனகிரிக்கு அருகே தீர்த்தாம்பாளையம் என்ற கிராமம். பெயரில் தீர்த்தம் இருந்ததே தவிர, ஊரில் குடிக்க நீரில்லை. வீராணம் கால்வாயிலிருந்து ஒரு கிளை வெட்டி அங்கே தண்ணீர் கொண்டுவரச் செய்தார். 1961-ல் அஞ்சலை அம்மாள் காலமானார். "அஞ்சலை வாய்க்கால்" என்றே ஜனங்கள் அதை வழங்குகிறார்கள்.

அந்த வீராணத்துத் தண்ணீர்தான் 2004-லிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாய் வழியே போரூருக்கு வந்து, சென்னை நகரின் தாகத்தையும் தணிக்கிறது. நான்கு ஏரிகளும் வறண்ட அந்த 2019-ம் வருஷத்திலும் வீராணம் கைவிடவில்லை. எங்கள் தெருவுக்கு வந்த லாரியில் எந்த ஏரியின் நீர் இருந்ததென்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை. குடம் நிரம்பினால் போதுமென்றிருந்தது.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்த அம்மாளின் மருமகள் பழைய நோட்டுப் புத்தகத்தை என்னிடம் காட்டினாள். பென்ஸிலில் எழுதிய வீட்டு எண்களும் குடக் கணக்கும். ஓரங்களில் குழந்தையின் கிறுக்கல். கடைசிப் பக்கத்தில் மட்டும், பேரனுக்கு அம்மை ஊசி போட வேண்டிய தேதி குறித்திருந்தது.