கருவியின் பெயரால் சாளரத்தை அழைக்கலாமா?

‘யாழ் கேட்டாள்’ என்னும் தொடரில் யாழ் அதன் இசையைக் குறிக்கிறது. கருவியாகுபெயர் பேச்சுக்கு அழகு. மென்பொருளைத் தொகுக்கும்போது தரப்படும் விருப்பத் தெரிவுகளுக்குப் பெயரிடுவதில் அதே வழக்கம் கேடாக முடிகிறது.

ஜென்டூ லினக்ஸில் மென்பொருள்கள் பெரும்பாலும் பயனரின் கணினியிலேயே மூலநிரலிலிருந்து தொகுக்கப்படுகின்றன. எந்தக் கூறு வேண்டும், எது வேண்டாம் என்பதை ‘யூஸ்’ கொடிகள் தீர்மானிக்கும். வரைகலை இடைமுகம் என்ற விருப்பக் கூற்றுக்கு அங்கே நெடுங்காலம் வழங்கிய பெயர்கள் எக்ஸ், ஜிடிகே, கியூடி4, கியூடி5 போன்றவை. ‘சாளரம் வேண்டுமா?’ என்று இவற்றில் ஒன்றும் கேட்பதில்லை. சாளரத்தைச் செய்த தச்சன் யார் என்பதையே சொல்கின்றன.

வயர்ஷார்க்கை எடுத்துக்கொள்ளலாம். வலைப்பின்னல் ஆய்வுக்குரிய இம்மென்பொருள் 2015இல் வந்த 2.0 பதிப்பில் கியூடிக்கு மாறியது, 2019இன் 3.0 பதிப்பில் பழைய ஜிடிகே இடைமுகம் கைவிடப்பட்டது. திரை முழுதும் ஒரே தோற்றத்தில் இருக்கட்டும் என்று ‘ஜிடிகே வேண்டும், கியூடி வேண்டாம்’ என எழுதிவைத்த பயனருக்கு, இடைமுகத்தைக் கியூடி கொடியே ஆண்ட காலத்தில், கிடைத்தது எழுத்துமுறைக் கருவி மட்டுமே. அவர் மறுத்தது ஒரு தச்சனை; இழந்தது சாளரத்தை.

ஆய்வுலகுக்கு இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தொகுப்பு அமைப்புகளைப் பதிவு செய்வது நல்ல மரபு. அதில் ‘கியூடி4 வேண்டாம்’ என்றிருந்தால், கியூடி6 காலத்து மாணவருக்கு அவ்வரி எதையும் மறுப்பதில்லை. புதிய கொடி இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தால், திரையே இல்லாத வழங்கியில் வரைகலை நூலகங்கள் முழுப் படையாக வந்திறங்கும்.

டெபியனின் ஈமேக்ஸ்-நாக்ஸ், விம்-நாக்ஸ் ஆகியவற்றில் ‘நாக்ஸ்’ என்பது ‘எக்ஸ் இல்லை’ என்பதன் சுருக்கம். வரைகலைக்கு எக்ஸ் ஒன்றே வாயிலாக இருந்த நாளில் அது காரணப்பெயர். 2023இல் வெளிவந்த ஈமேக்ஸ் 29, எக்ஸ் இன்றி வேலேண்டின் மேல் நேரடியாகச் சாளரம் திறக்கும் தொகுப்பு முறையைக் கொண்டுவந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதுவும் ‘நாக்ஸ்’ தானே! காரணம் தேய்ந்து, பெயர் இடுகுறியாய் எஞ்சிவிட்டது.

ஜென்டூவில் இப்போது ‘ஜியூஐ’ என்ற பொதுக்கொடி உண்டு. முதற்கேள்வி அதுவாகவே இருத்தல் வேண்டும். டிரான்ஸ்மிஷனைப் போல ஜிடிகே, கியூடி இரண்டிலும் இடைமுகம் கொண்டவற்றில் மட்டுமே கருவியின் பெயருக்கு வேலை. அதுவும் இரண்டாம் கேள்வியாக.

கருவியின் பெயர் இருந்தால் சார்புகள் முன்கூட்டியே தெரியும் என்பது மறுதரப்பின் வாதம். சார்புகளின் பட்டியலை நிறுவுவதற்கு முன் காட்டுவது தொகுப்பு மேலாளியின் பணி, கொடியின் பணியன்று. பெயரை மாற்றினால் பழைய அமைப்புகள் முறியும் என்பதும் மெய்யே. ஆனால் பதிப்பெண்ணைச் சுமக்கும் பெயர்கள் கியூடி4, 5, 6 என ஒவ்வொரு தாவலிலும் அவ்வமைப்புகளை எப்படியும் முறித்தே வந்திருக்கின்றன. பொதுக்கொடிக்கு மாறும்போது ஒருமுறை முறிந்தால் போதும்.