ஆக்ஸ்ஃபோர்டின் மதுக்கூடங்களும் நம் வீட்டு மௌனமும்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மதுக்கூடங்களைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. படித்துவிட்டு நீங்கள் மாறுபட்டால் பின்னூட்டத்தில் தாராளமாகச் சொல்லுங்கள்.

என் அக்காள் மகனுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. குடும்பமே மகிழ்ந்தது. குளிராடை, சோறு வடிக்கும் கலம், ஊறுகாய், அப்பளம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. நானோ அந்நகரைப் பற்றி மாணவர்கள் மாணவர்களுக்காக எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். நூலகத்துக்கு வழிகாட்டி உண்டு. மிதிவண்டிக் கடைக்கு வழிகாட்டி உண்டு. ஆயினும் மிக விரிவாகவும் மிகுந்த அன்போடும் எழுதப்பட்டிருந்தவை மதுக்கூடங்களுக்கான வழிகாட்டிகளே! எந்தச் சந்துக்குள் எந்தக் கூடம், எங்கே எவ்வகை பீர், எந்தக் கல்லூரிப் பிள்ளைகள் எங்கே கூடுவர் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள்.

அவற்றைப் படித்தபோது எனக்குச் சினம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் கற்பனை செய்யும் சாராயக்கடை அன்று அது. ஆங்கிலேயரின் 'பப்' என்பது ஊரின் பொதுத் திண்ணை போன்றது. உணவு கிடைக்கும், தேநீர் கிடைக்கும், முதியோர் நாளிதழ் படிப்பர், பேராசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் வாதிடுவர். செயின்ட் ஜைல்ஸ் தெருவிலுள்ள 'ஈகிள் அண்ட் சைல்ட்' என்னும் கூடத்தில்தான் தோல்கீன், சி.எஸ். லூயிஸ் முதலிய எழுத்தாள நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் செவ்வாய்க்கிழமைகளில் கூடிப் பேசினர். அக்கூடம் 2020இல் மூடப்பட்டது. 2023இல் எல்லிசன் தொழில்நுட்பக் கழகம் அதை வாங்கியது. எதிர்ப்புறத்தில் இருக்கும் 'லாம்ப் அண்ட் ஃப்ளாக்' செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்கே சொந்தமான கட்டடம். அதன் இலாபத்திலிருந்து ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கிய காலமும் உண்டு. கல்லூரிக்குள்ளேயே 'பார்' வைத்திருக்கும் ஊரில், மதுவை மறைத்து வைப்பது நடவாத காரியம்.

பழைமைக்கும் அங்கே குறைவில்லை. 1355ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், 'சுவிண்டில்ஸ்டாக்' என்ற மதுக்கடையில் மாணவர் இருவர் 'இந்த மது நன்றாக இல்லை' என்று கடைக்காரரோடு சண்டையிட்டனர். வாய்ச்சண்டை கைகலப்பாகி, ஊரும் பல்கலைக்கழகமும் மூன்று நாள்கள் மோதிக்கொண்டன. கல்வியாளர்கள் 63 பேரும் ஊர்மக்கள் ஏறத்தாழ 30 பேரும் மாண்டனர் என்று வழிவழியாகக் கூறப்படுகிறது. அதற்குக் கழுவாயாக நகரத்தந்தையும் உடன் வந்தோரும் ஆண்டுதோறும் 63 பென்னி செலுத்தும் வழக்கம் 1825 வரை நீடித்தது! ஒரு குவளை மதுவால் 470 ஆண்டுத் தண்டனை. வழிகாட்டிகள் இதை ஒரு சுவையான துணுக்காக மட்டுமே சொல்லிச் செல்கின்றன.

இன்னொரு துணுக்கு என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. 'டர்ஃப் டாவர்ன்' என்றொரு கூடம், குறுகிய சந்துக்குள் ஒளிந்திருப்பது. அங்கே ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் பாப் ஹாக்கைப் பற்றிய பலகை மாட்டப்பட்டிருக்கிறது. 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது இரண்டரை பைண்ட், அதாவது ஏறத்தாழ 1.4 லிட்டர் பீரை, 11 நொடிகளில் குடித்துச் சாதனை படைத்தார் என்பதே அதன் செய்தி. ஏறக்குறைய எல்லா வழிகாட்டிகளும் இதைப் பெருமையோடு சொல்கின்றன. ஆனால் அதே பாப் ஹாக், நாடாளுமன்றம் புகுந்த 1980இல் குடியை விட்டார். 1983 முதல் 1991 வரை பிரதமராக இருந்த காலம் முழுதும் மதுவைத் தொடவில்லை. தம் குடி தம் கடமைக்குத் தடையாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பதினொரு நொடிக்குப் பலகை உண்டு. அந்தப் பதினோராண்டுக்கு இல்லை. இந்த வழிகாட்டிகளின் மீது எனக்குள்ள குறை இதுதான். அவை பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திக்கொள்கின்றன.

அந்த மீதிப் பாதியை யார் எழுதுவது? பெற்றோரும் ஆசிரியரும்தான் எழுத வேண்டும்.

முதலில் வயதைப் பார்ப்போம். நம் நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. அதற்கு முன்பு 18 ஆக இருந்தது. இங்கிலாந்தில் 18 வயது போதும். ஆக, இங்கே ஒரு போத்தல் பீர் வாங்க உரிமை இல்லாத 19 வயதுப் பிள்ளை, பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வானூர்தியில் பறந்து இறங்கியதும் முழு உரிமை பெற்றவனாகிறான். அந்த உரிமையைப் பயன்படுத்தவும், பயன்படுத்தாமல் இருக்கவும் யாரும் அவனுக்குப் பழக்கித் தரவில்லை. விமான நிலையத்தில் கட்டித் தழுவி, 'கெட்ட பழக்கம் வேண்டாம்பா' என்று கண்கலங்கச் சொல்லி அனுப்புகிறோம். அந்தச் சொற்கள் முதல் வாரத்துக்கே போதா.

ஏன் போதா என்று சொல்கிறேன். அங்கே குடிக்க வைப்பது பெரும்பாலும் கெட்ட நண்பனாக இருப்பதில்லை; நல்ல பண்பாக இருக்கிறது. 'ரவுண்ட்' என்றொரு வழக்கம் உண்டு. ஐவர் சேர்ந்து போனால் ஒருவர் ஐவருக்கும் வாங்குவார்; அடுத்து இன்னொருவர் ஐவருக்கும் வாங்குவார். தன் முறை வரும்போது வாங்காமல் நழுவுபவன் கஞ்சன் என்று பெயர் எடுப்பான். 'பிறர் கையால் வாங்கி உண்டுவிட்டுத் திருப்பிச் செய்யாமல் இருக்காதே' என்று நாமே வளர்த்த பிள்ளை அல்லவா? அவன் ஒருபோதும் நழுவ மாட்டான். ஐவர் சுற்றுக்கு ஐந்து பைண்ட் ஆகிவிடும்.

இப்போது ஆறாம் ஆண்டுக் கணக்கு ஒன்று. ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். பீரில் ஆல்கஹால் 4 விழுக்காடு எனில் ஏறத்தாழ 22.7 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். பிரிட்டனில் 10 மில்லிலிட்டரை ஒரு 'யூனிட்' என்று கணக்கிடுவர். ஆகவே ஒரு பைண்டில் 2.3 யூனிட். ஐந்து பைண்டில் பதினொன்றுக்கும் மேல். உடல்நலத்துக்கான கேட்டைக் குறைவாக வைத்திருக்க வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் 2016இல் தந்த அறிவுரை. ஒரே மாலையில், மரியாதையின் பொருட்டு மட்டுமே, ஒரு வாரத்து அளவில் பெரும்பகுதி முடிந்துவிட்டது! பிள்ளை குடிகாரன் ஆகவில்லை. எண்ணத் தெரியாதவனாக இருந்திருக்கிறான், அவ்வளவே.

இதைத் தெரிந்தவனுக்கு வழிகள் பல உண்டு. உள்ளே நுழைந்ததும், 'நான் சுற்றில் சேரவில்லை, எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் வருந்தமாட்டார்கள். மூன்றாம் சுற்றில் சொன்னால்தான் சங்கடம். மேசைக்கு வந்து கேட்கும் வழக்கம் பெரும்பாலான கூடங்களில் இல்லை. தானே முகப்புக்குச் சென்றுதான் வாங்க வேண்டும். ஆதலால் என்ன வாங்குகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. 'லைம் அண்ட் சோடா' என்று கேட்டால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அது அங்கே வழக்கமான பானம். மது விற்க உரிமம் பெற்ற கூடம் எதுவாயினும், கேட்பவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் இங்கிலாந்தில் சட்ட நிபந்தனை. இந்த ஒரு வரியை எந்த வழிகாட்டியிலும் நான் காணவில்லை.

'பென்னியிங்' என்றொரு விளையாட்டும் உண்டு. ஒருவர் குவளையில் மற்றவர் ஒரு பென்னிக் காசைப் போட்டுவிட்டால், அவர் அதை ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டுமாம். விளையாட்டுக் குழுக்களின் விருந்துகள் பலவும் இந்திய உணவகங்களில்தான் நடக்கின்றன என்பது எனக்குத் தனி வருத்தம். நம் கோழிக்குழம்பைச் சுற்றி இந்தக் கூத்து! 'ஆட வரவில்லை' என்று சொல்லும் துணிவை அங்கே போய்க் கற்க முடியாது. அது வீட்டிலிருந்து போக வேண்டும்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை நான் எழுத முடியாது. தம் நாட்டு மாணவனுக்கு மதுக்கூடத்தை உரையாடும் இடமாக வைத்திருந்த அதே ஆங்கிலேயர், நம் பாட்டன் பூட்டனுக்கு இரப்பர்த் தோட்டத்தில் கள்ளுக்கடை வைத்தனர். லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், நிர்வாகத்தின் கண்காணிப்பில், உரிமத்தோடு. அந்த வருவாயைக் 'கள்ளு நிதி' என்று சேர்த்துத் தொழிலாளர் நலனுக்கே செலவிடுகிறோம் என்றும் சொல்லிக்கொண்டனர். ஆக்ஸ்ஃபோர்டில் மதுவின் இலாபம் ஆய்வு மாணவனுக்கு. இங்கே தொழிலாளியின் கூலியை எடுத்து அவனுக்கே தானம். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தபோது காவல்துறையோடு மோதல் மூண்டு உயிரும் பறிபோனது. கள்ளுக்கு அடுத்து மலிவுச் சம்சு வந்தது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலர் மாண்டதை நாளிதழ்களில் நாம் எல்லாருமே படித்தோம்.

இத்தனை வரலாறு இருப்பதால்தான் நம் வீடுகளில் மது என்ற சொல்லே எழுவதில்லை. அச்சம் புரிகிறது. ஆனால் ஏழு வயதில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கே, அப்பா எந்த நாளில் எந்த நடையில் வீடு வருவார் என்பது தெரியும். தீபாவளியன்று வீட்டின் பின்கட்டில் மாமாமார் எதற்காகக் கூடுகிறார்கள் என்பதும் தெரியும். அவர்கள் காண்பதற்கும் நாம் பேசுவதற்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் அந்தப் பிள்ளைகள் வளர்கிறார்கள். தாங்கள் குடிப்பதை மறைக்கும் தந்தையரிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. மறைக்காதீர்கள், அளவு என்ன, ஏன் அந்த அளவு, எந்த நாளில் தொடமாட்டீர்கள் என்று மகனிடம் சொல்லுங்கள். சொல்ல நா எழவில்லை என்றால், அளவைப் பற்றி நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியிருக்கும்.

'இப்படியெல்லாம் விளக்கினால் நாமே குடிக்க வழிகாட்டியது போல் ஆகாதா?' என்று ஓர் ஆசிரியை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கும்போது நமக்கேன் யூனிட் கணக்கு என்றும் கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழி: வள்ளுவர் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. குடித்தவன் பெற்ற தாயின் முன் எப்படித் தோன்றுவான், ஊரார் எப்படிச் சிரிப்பர், காசு கொடுத்து அறியாமையை வாங்குவது என்ன கணக்கு என்றெல்லாம் பத்துக் குறளிலும் காரணம் காட்டுகிறார். பிள்ளையை அறிவுள்ளவனாக மதித்துப் பேசுகிறார். நாமோ குறளை மனனம் செய்யச் சொல்லிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகிறோம். நான் சொல்லும் ரவுண்ட் கணக்கும் காரணம் காட்டும் வேலைதான்.

தமிழுக்கும் அந்நகருக்கும் ஓர் உறவு உண்டு. திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப் ஐயர் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்தவர். 1908இல் மறைந்த அவர் வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். மாணவர் வழிகாட்டிகள் தவறாமல் குறிப்பிடும் 'ஜெரிக்கோ டாவர்ன்' என்ற இசைக்கூடமும் அதே வால்டன் தெருவில்தான் இருக்கிறது. கள்ளுண்ணாமையை ஆங்கிலத்தில் சொன்னவரின் கல்லறைக்கும் அக்கூடத்துக்கும் நடை தூரம்தான்.

அக்காள் மகனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேல்பாதியில் ஐந்து மதுக்கூடங்களின் பெயரும், அவற்றில் என்ன உணவு கிடைக்கும் என்பதும். கீழ்ப்பாதியில் ரவுண்ட், யூனிட், தண்ணீர், நள்ளிரவில் தனியாக ஆற்றங்கரை வழியே நடந்து விடுதி திரும்பக் கூடாது என்பது. தாளின் பின்புறம் போப் ஐயரின் கல்லறைக்குப் போகும் வழி. தம் பிள்ளைக்கும் இத்தகைய தாள் வேண்டும் என்று விழையும் பெற்றோர், பிள்ளை செல்லும் நகரத்தின் பெயரைப் பின்னூட்டத்தில் இடுங்கள். அந்நகரில் படித்த நம் பழைய மாணவர் யாரேனும் இருந்தால், அவரைக் கொண்டே எழுதி வாங்கித் தருகிறேன்.