சீட் கவருக்கு அடியில் ஒரு பெல்ட்

எங்கள் கல்லூரி வேனில் சீட் பெல்ட் இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன், ரெக்ஸினுக்கு மேலே, வீக்கம் கண்ட மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆய்வுக் குழு வருகிறது என்று மெரூன் கலரில் புது சீட் கவர் போட்டார்கள். தைக்க வந்தவர் பக்கிளையும் உள்ளே வைத்துத் தைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பெல்ட் நாடா மட்டும் ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருக்கிறது, மாட்ட இடமில்லாமல். போன செமஸ்டரில் பையன்கள் அதில் ஈரத் துண்டு காயப்போட்டார்கள்.

நான் ஜியாலஜி நடத்துகிறவள். பாறை வகுப்பறைக்கு வராது, நாங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். கஞ்சமலையில் இரும்புத்தாது, சித்தம்பூண்டியில் அனார்த்தசைட், கொல்லிமலை உச்சியில் பாக்சைட், அரியலூரில் கடல் இருந்த காலத்துப் புதைபடிவம் என்று வருஷத்துக்கு நாலைந்து பயணம். வேனில் 12 சீட். போகிறவர்கள் 17 பேர். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், சின்னப் பசங்கதானே" என்பார்கள் அலுவலகத்தில். சின்னப் பசங்களில் ஒருவன் ஆறடி இரண்டு அங்குலம். கூடவே முக்கால் கிலோ சுத்தியல்கள், சுண்ணாம்புப் பாறையைச் சோதிக்க அமில பாட்டில், திரும்பும்போது இரண்டு சாக்கு நிறையக் கல். எல்லாம் நடைபாதையில் சும்மா கிடக்கும். சடன் பிரேக் போட்டால் எது யார் மண்டையில் போய் இறங்கும் என்று யோசிக்கிற ஒரே ஆள் நான்தான். அதனால் எனக்கு மாணவர்கள் வைத்திருக்கிற பேர் 'பெல்ட் மேடம்'. பரவாயில்லை, போன வருஷம் இதைவிட மோசமான பேர்.

இத்தனைக்கும் காகிதத்தில் ஒரு குறையும் கிடையாது. முதல்வரின் அனுமதிக் கடிதம், துறைத்தலைவர் கையெழுத்து, பெயர்ப் பட்டியல் மூன்று பிரதி, பெற்றோர் ஒப்புதல் படிவம். அந்தப் படிவத்தில் ஒரு வரி உண்டு: எதிர்பாராத அசம்பாவிதங்களுக்குக் கல்லூரி நிர்வாகம் பொறுப்பல்ல. அப்பாக்கள் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள், சில அம்மாக்கள் கைநாட்டு வைக்கிறார்கள். 12 சீட்டில் 17 பேரை ஏற்றுவதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? டயரில் வரி தெரிகிறதா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. டிரைவர் ராத்திரி தூங்கினாரா என்பதற்கும் கிடையாது.

தூக்கம் என்றதும் டிசம்பர் ஞாபகம் வருகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினோம், கொல்லிமலைக்கு. ராசிபுரம் தாண்டுவதற்குள் டிரைவர் அண்ணன் இரண்டு தடவை டீக்கு நிறுத்தினார். மூன்றாவது தடவை நிறுத்தியபோது முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல மேடம். சீஃப் கெஸ்ட்ட கோயம்புத்தூர் ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன். வண்டிய ஷெட்ல போடறப்ப மணி ரெண்டே கால்."

ரெண்டே காலுக்கு ஷெட்டு, அஞ்சுக்குக் கொல்லிமலை! 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, இரண்டு நாள் வேலைக்கு நடுவில் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வு என்று வைத்திருந்தது. ஆனால் அது பஸ், லாரி நடத்தும் நிறுவனங்களுக்கு எழுதியது. கல்லூரி வேனுக்கு இருப்பது ஒரு லாக் புக். அதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதி முடிப்பார்கள். அதில் நம் டிரைவர் அண்ணன் தினமும் ஒன்பதுக்கு வந்து ஐந்துக்குப் போகிறார்.

அரை மணி நேரம் ஓரம்கட்டித் தூங்கச் சொன்னேன். தூங்க ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் அவர் போன் அடித்தது. "எங்க வந்துட்டு இருக்கீங்க?" என்று துறைத்தலைவர். வண்டி ஓட்டும்போது செல்போன் கூடாது என்று ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவரும் அவரேதான். எடுக்காவிட்டால் "போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்" என்று மறுநாள் பஞ்சாயத்து. ஓட்டிக்கொண்டே எடுத்தால் சட்டப்படி தப்பு. நீங்களே சொல்லுங்கள், அந்த மனுஷன் என்னதான் பண்ணுவார்?

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பயமில்லை. இறங்கும்போதுதான் வயிறு கலங்கியது. வண்டியின் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தால் கியர் நியூட்ரலில். மலையில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், அப்போதுதான் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். மிதிக்க மிதிக்கச் சூடேறி, ஒரு கட்டத்தில் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. இருபது வளைவு இறங்குவதற்குள் லைனர் தீய்ந்த வாடை உள்ளே வந்துவிட்டது. பையன்கள் யாரோ வடை கருக்குகிறார்கள் என்று சிரித்தார்கள்.

"அண்ணா, ஏன் இப்படி? கியர்ல போடுங்க."

அவர் கியரைப் போட்டார். போட்டுவிட்டுச் சொன்னார்: "லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் காட்டணும் மேடம். கொறஞ்சா அக்கவுண்ட்ஸ்ல கூப்ட்டு டீசல வித்துட்டியாங்கறாங்க. போன மாசம் அறநூறு ரூவா சம்பளத்துல புடிச்சிட்டாங்க."

எனக்கு வாயடைத்துப் போனது. சமதளத்துக்குப் போட்ட கணக்கை மலைக்கும் வைத்திருக்கிறார்கள். ஏசி அறையில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிற ஒருவர் கேட்கிற கேள்விக்கு, 70 வளைவில் 17 உயிரை வைத்து ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரை எப்படித் திட்டுவது? அன்றைக்கு ஆன கூடுதல் டீசல் காசை நானே தருகிறேன் என்றேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஆனால் அடிவாரம் வரை செகண்ட் கியரிலேயே இறக்கினார்.

மாணவர்களைச் சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். ஒருத்தன் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே போய் ரீல்ஸ் எடுக்கிறான். இன்னொருத்தனுக்கு லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கருத்தரங்கு நாளில் "தம்பி, ஒரு எட்டுப் போய் கெஸ்ட்ட கூட்டிட்டு வந்துடு" என்று கல்லூரிக் காரின் சாவியை அவனிடம் கொடுத்தது ஒரு பேராசிரியர். வண்டி கல்லூரி பேரில், இன்சூரன்ஸ் கல்லூரி பேரில். ஏதாவது ஆனால் மட்டும் பழி தம்பி பேரில். அவன் அதைப் பெருமையாக நினைத்து ஸ்டேட்டஸ் வைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் தாம்பரம் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுமி பள்ளி பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து செத்த பிறகு, உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே வந்தன. பின்சீட்டில் முன்பக்கம் பார்த்து உட்காருகிறவரும் பெல்ட் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. போடாவிட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது நாடு முழுக்க ஒரு வாரம் இதையே பேசினோம். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் பேசினோம். யாரும் எழுந்து போய் வேனைப் பார்க்கவில்லை. அளவுக்கு மேல் ஏற்றினால் அபராதம் தலைக்கு 200 ரூபாய்தான். ஒரு பிரியாணிக் காசு.

அரசுக் கல்லூரியில் இருக்கிற என் தோழியின் கதை வேறு. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளை ஓட்டக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் வந்துவிட்டதால் அவர்கள் துறை ஜீப் கண்டமாகி வேப்ப மரத்தடியில் நிற்கிறது. புது வண்டி வரவில்லை. வாடகை வேன் பிடிக்கிறார்கள், கொட்டேஷனில் குறைந்த ரேட்டுக்காரர் யாரோ அவர். முதலுதவிப் பெட்டி கேட்டதற்கு டிரைவர் டேஷ்போர்டிலிருந்து விபூதிப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாராம். சிரிக்காதீர்கள். எங்கள் வேனில் பெட்டி இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி ஆபீசில்.

சீட் கவர் விஷயமாக மூன்று கடிதம் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு 'நிதி ஒதுக்கீடு வந்ததும் பரிசீலிக்கப்படும்'. மூன்றாவது எந்த மேஜையில் இருக்கிறது என்று அந்த மேஜைக்காரருக்கே தெரியாது. போன சனிக்கிழமை மத்தியானம் லேபிலிருந்து பிளேடு எடுத்துக்கொண்டு போய், நானே ஒவ்வொரு சீட்டாகக் கிழித்தேன். டிரைவர் அண்ணன் டார்ச் பிடித்தார். 12 பக்கிளில் ஒன்பது நன்றாக இருக்கிறது, இரண்டு துரு. ஒன்றுக்குள் யாரோ எப்போதோ தின்ற கடலை மிட்டாய் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது, வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்தோம்.

திங்கட்கிழமை காலை மெமோ வந்துவிட்டது. கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது குறித்து மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டுமாம். மூன்று கடிதத்துக்கு ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட ஆபீஸ், இதற்கு இரண்டு நாள்கூட எடுக்கவில்லை.

வியாழக்கிழமை அரியலூர் பயணம். விளக்கத்தை வேனில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், பெல்ட்டை மாட்டிக்கொண்டு.