சுட்டி உரையாகாது

இணையக் கட்டுரைகளில் வரிக்கு வரி நீல நிறத்தில் நிற்கும் சுட்டிகளை நம் உரைமரபின் நீட்சி என்று போற்றுகிற குரல் தமிழாசிரியர்களிடையே கேட்கிறது. உரையாசிரியர் மேற்கோள் காட்டினார், சுட்டி அதையே விரைவாகச் செய்கிறது என்பது வாதம். இந்த ஒப்புமை பிழையானது. வகுப்பறையில் அது தீங்கும் செய்கிறது என்பதே நம் கருத்து.

உரையாசிரியர் பாட்டை முதலில் முன்வைத்தார். பொருளும் விளக்கமும் பிறகே வந்தன. ஒரு சொல்லுக்கு வேறு நூலில் ஒளி கிடைக்குமானால், அந்த அடியைத் தாமே எடுத்துவந்து தந்தார். 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அவ்வுரையின் மேற்கோள்களுக்கு மூலம் தேடி அலைந்தார். அந்த அலைச்சலின் பயன் வாசகனுக்கு இருந்த இடத்திலேயே கிடைத்தது.

சுட்டியோ அலைச்சலை வாசகன் தலையில் கட்டுகிறது. வாக்கியத்தின் நடுவே நின்று, போகலாமா வேண்டாமா என்று கேட்கிறது. சொடுக்காதவரும் அந்த முடிவை எடுத்தாக வேண்டும். 2007இல் டிஸ்டெஃபானோ, லெஃபெவர் என்னும் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, முடிவெடுக்கும் இச்சுமை வாசிப்பைப் பாதிப்பதாக எழுதினர். வாசகரின் முன்னறிவும் இதில் வேறுபாட்டை உண்டாக்கும் என்றனர். முன்னறிவைத் தேடி வருகிறவர்தாமே மாணவர்?

எங்கள் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை விதிகளை அடுக்கிச் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேத அறிவு ஆகியன தகுதிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் தகுதியற்றோர். இதை விளக்கும் கட்டுரையில் பராந்தகன் ஒரு சுட்டி, வேலி ஒரு சுட்டி, குடும்பு ஒரு சுட்டி என்று வைத்தால் என்னாகும்? பராந்தகனைச் சொடுக்கிய மாணவர் தக்கோலப் போருக்குப் போய்விடுவார். குடத்தில் ஓலை இட்ட பெருமை மட்டும் அவர் நினைவில் தங்கும். அந்தக் குடத்தருகே வரவே முடியாதபடி யார் யார் விலக்கப்பட்டனர் என்ற வரலாறு வாசிக்கப்படாமலே நின்றுவிடும். விதிகளைச் சேர்த்துப் படித்தால்தான் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

முல்லைப்பாட்டின் 103 அடிகளில் தொலைவில் நின்ற சொற்களை நச்சினார்க்கினியர் எடுத்து மாட்டினாரே, அதுவும் சுட்டிதானே என்பர். அந்த முறையைத்தான் மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்தார். புலவர் வைத்த வரிசையிலேயே பொருள் கொள்ள வேண்டும் என்றார். நச்சினார்க்கினியராவது பாட்டுக்குள்ளேயே நின்றார். சுட்டி பாட்டைவிட்டே வெளியேற்றுகிறது.

இணையத்தை நாம் வெறுக்கவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், நூலகம் எட்டாத சிற்றூர் மாணவருக்கும் சங்க நூல்களை விலையின்றித் தந்தது. நாம் கேட்பது ஒன்றே. இணையத்துக்கு எழுதும் தமிழாசிரியர்கள், சொல்லியே ஆகவேண்டியதை வாக்கியத்திலேயே சொல்லட்டும். மேலும் படிக்க வேண்டியவற்றுக்கான சுட்டிகளைக் கட்டுரையின் இறுதியில் தொகுத்துத் தரட்டும். மாணவர் முதலில் படித்து முடிக்கட்டும். பிறகு எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்வார்.