கேளுங்கள், சொல்கிறோம்: நெல் வயல் மீத்தேனும் கார்பன் கிரெடிட் கையெழுத்தும்

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. வீட்டில் பட்டுத் தறியும் ஓடுகிறது. கிணற்றுப் பாசனத்தில் சொர்ணவாரியும் நவரையும் நெல்தான். போன மாதம் ஒருவர் வந்து, ‘நெல் வயலில் இருந்து மீத்தேன் வாயு வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் அது குறையும். அதற்கு கார்பன் கிரெடிட் பணம் தருவோம்’ என்று ஒப்பந்தத் தாளை நீட்டினார். கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படி அளப்பார்கள்? கையெழுத்துப் போடலாமா?

— ஒரு வாசகி, ஆரணி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: காய்ச்சலும் பாய்ச்சலும் இன்றே தொடங்கலாம் அம்மா. கையெழுத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

வந்தவர் சொன்ன அடிப்படைச் செய்தி உண்மைதான். சேற்று வயலில் காலை வைத்தால் குபுகுபுவென்று குமிழி வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. இத்தாலி விஞ்ஞானி வோல்ட்டா 1776-ல் ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்து இந்த வாயுவை அடையாளம் கண்டார். தண்ணீர் தேங்கிய மண்ணில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் தழை, வேர், சாணத்தை மக்கச் செய்யும்போது மீத்தேன் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றுக் குழல்கள் வழியாகவே வெளியேறுகிறது.

நாம் மூச்சு விடும் காற்றில் பத்து லட்சம் பங்கு எடுத்தால் மீத்தேன் 2 பங்குகூட இருக்காது. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் பூமியைச் சூடாக்குவது சுமார் 28 கிலோ கரியமில வாயு சூடாக்குவதற்குச் சமம்.

எப்படி அளக்கிறார்கள்?

அடிப்பாகம் இல்லாத, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நாலைந்து நெல் குத்துகளின் மேல் கவிழ்ப்பார்கள். உள்ளே காற்றைக் கலக்க ஒரு சின்ன விசிறி. மூடியவுடன் ஒருமுறை, 15 நிமிடம் கழித்து ஒருமுறை, 30 நிமிடத்தில் ஒருமுறை ஊசிக்குழாயில் காற்றை உறிஞ்சுவார்கள். அதை ஆய்வகத்தில் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்தினால் மீத்தேன் எவ்வளவு என்று தெரியும்.

கணக்கு எளிது. பெட்டி ஒரு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மணியில் மீத்தேன் பத்து லட்சத்தில் 2 பங்கில் இருந்து 5 பங்காக ஏறியது என்றால், ஒரு சதுர மீட்டர் வயல் மணிக்கு சுமார் 4 மில்லிகிராம் விடுகிறது. ஏக்கருக்கு மணிக்கு 16 கிராம். அதே அளவில் 100 நாள் தண்ணீர் நின்றால் சுமார் 39 கிலோ. உண்மையில் இந்த அளவு காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பயிரின் வயதுக்கு ஏற்பவும் மாறும். அதனால்தான் நட்டதில் இருந்து அறுவடை வரை திரும்பத் திரும்ப அளக்க வேண்டும்.

அளக்காமல் வந்த பழி

1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொன்னது. இந்திய நெல் வயல்கள் மட்டும் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுகின்றன என்றது அது. அப்போது உலக நெல் வயல்கள் அனைத்துக்கும் சொல்லப்பட்ட அளவே 11 கோடி டன்தான். அதில் மூன்றில் ஒரு பங்குப் பழி நம் உழவர் தலையில்! இத்தனைக்கும் அது நம் வயலில் அளந்தது இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அளந்த அளவை நம் நாட்டு நெல் பரப்பால் பெருக்கி வந்த எண்.

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ராவும் அவருடைய குழுவினரும் இதற்கு வாயால் பதில் சொல்லவில்லை. 1991-ல் நாட்டின் பல நெல் பகுதிகளில் பெட்டியைக் கவிழ்த்து அளந்தார்கள். வந்த விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். சொல்லப்பட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! காரணம் உங்களுக்கே தெரியும். மானாவாரி நெல் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் கட்டும் வயல் உண்டு. எல்லா வயலிலும் நாள் முழுக்கத் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணில் மக்கும் பொருளும் குறைவு. பின்னால் செய்த அளவீடுகளும் இதை ஒட்டியே வந்தன.

இனி உங்கள் ஒப்பந்தம்

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். மேலே பார்த்த 39 கிலோவை 28-ஆல் பெருக்கினால் சுமார் 1.1 டன். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து மீத்தேன் பாதியாகக் குறைந்தால், ஏக்கருக்கு ஒரு போகத்தில் மிச்சம் அரை கிரெடிட் சொச்சம். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு முக்கால் கிரெடிட் சொச்சம். பாதி குறைவது நல்ல நிலை. பல வயல்களில் இதைவிடக் குறைவாகவே மிச்சமாகும். ‘ஏக்கருக்கு நாலு கிரெடிட், அஞ்சு கிரெடிட்’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

‘சாட்டிலைட்டில் உங்கள் வயல் மீத்தேன் தெரியும்’ என்பதையும் நம்ப வேண்டாம். 2017-ல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் மீத்தேனை அளக்கிறது. ஆனால் அதன் ஒரு புள்ளியே பல சதுர கிலோமீட்டர். அதில் உங்கள் வயலும் ஊர் மாடுகளும் ஏரியும் சேர்ந்தே இருக்கும். ரேடார் செயற்கைக்கோளால் வயலில் தண்ணீர் நிற்கிறதா, இல்லையா என்று பார்க்க முடியும், அவ்வளவுதான். கணக்கு சரியில்லாமல் போவதும் உண்டு. சீனாவில் 37 நெல் வயல் திட்டங்களை, கார்பன் கிரெடிட் பதிவு செய்யும் ‘வெர்ரா’ அமைப்பே 2024-ல் நிராகரித்தது.

கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டு, தமிழில் எழுதி வாங்குங்கள்:

1. மீத்தேனை எங்கள் பகுதி வயலில் பெட்டி வைத்து அளப்பீர்களா, பொது எண்ணை வைத்துக் கணக்கிடுவீர்களா?
2. கிரெடிட் விற்ற விலையில் எங்களுக்கு எத்தனை சதவீதம்? எப்போது வரும்?
3. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? இடையில் விலகினால் அபராதம் உண்டா?
4. மழை அடித்து வயல் காயாமல் போனால் யார் பொறுப்பு?
5. நெல்லுக்குப் பதில் வேறு பயிர் வைக்க எங்களுக்கு உரிமை உண்டா?

பணம் வராவிட்டாலும் லாபம்

ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயில், கீழ்ப்பாதி முழுக்கத் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதையுங்கள். உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வாரம் களை வராமல் இருக்க மேலாகத் தண்ணீர் நிற்கட்டும். பிறகு, குழாயில் தண்ணீர் மண் மட்டத்தில் இருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டுங்கள். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் கரன்ட் பில் மிச்சம் என்று சொல்ல மாட்டேன். நவரையின் கடைசியில் கிணறு கைவிடாமல் இருக்குமே, அதுதான் உங்கள் லாபம். மேல்மடையின் வடிகால் உங்கள் வயலில் இறங்கினால் பக்கத்து வயல்காரரோடும் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மண் காய்ந்து நனையும்போது யூரியா அதிகமாக இருந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடாக்கும். ஆகவே யூரியாவைப் பிரித்துப் பிரித்து, அளவாக இடுங்கள்.

கேள்வி: சணப்பு, தக்கைப்பூண்டு மடக்கி உழுதால் மீத்தேன் கூடுமா? அப்படியானால் விட்டுவிடலாமா?

— ஒரு வாசகர், போளூர் வட்டம்.

பதில்: பச்சையாக மடக்கி உடனே தண்ணீர் கட்டி நிறுத்தினால் கூடும். அதற்காகப் பசுந்தாளை விட்டுவிட வேண்டாம். மண்ணுக்கு அது தேவை. நன்றாக மக்கிய தொழு உரத்தில் மீத்தேன் குறைவு. வைக்கோலைக் கொளுத்துவது தீர்வு ஆகாது. புகையும் போகும், மாட்டுத் தீவனமும் போகும். பசுந்தாள் போட்ட வயலில் நடவுக்குப் பின் காய்ச்சலும் பாய்ச்சலும் கடைப்பிடித்தாலே போதும்.

ஆரணி வாசகிக்குக் கடைசியாக ஒன்று. பட்டு நூலை எடை போட்டுத்தான் வாங்குகிறீர்கள். சேலையையும் எடை போட்டுத்தான் கொடுக்கிறீர்கள். காற்று விற்பதாக இருந்தாலும் எடைக்கணக்கைக் கேளுங்கள்.