தானாக மாறினால் போதுமா?

"ஒரு டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் இன்னொன்று தானாக எழுந்து வேலையைத் தொடரும், நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்." ஆட்டோமேட்டிக் ஃபெயில்ஓவர் விற்பவர்கள் எல்லோரும் பாடும் பாட்டு இது. இரண்டு மெஷின், நடுவில் ரெப்ளிகேஷன், "உயிரோடு இருக்கிறாயா" என்று நொடிக்கொரு தடவை விசாரிக்கும் ஒரு ஹார்ட்பீட். பதில் வராவிட்டால் ஸ்லேவ் தன்னையே மாஸ்டர் என்று அறிவித்துக்கொள்ளும். முடிந்தது வேலை!

பதில் வரவில்லை என்றால் மாஸ்டர் செத்துவிட்டது என்று யார் சொன்னது? நடுவில் கேபிள் அறுந்தாலும் பதில் வராதே. அப்போது இரண்டு மாஸ்டர்கள். இரண்டும் எழுதும். ஒரே பில் நம்பர் இரண்டு பேருக்குப் போகும்... இதற்கு ஸ்பிளிட் ப்ரெய்ன் என்று பெயர். சர்வர் ஒரு மணி நேரம் படுத்துக்கிடந்தால் திட்டு வாங்குவதோடு போய்விடும். இரண்டாகப் பிரிந்த கணக்கை ஒட்டவைப்பது அப்படியில்லை.

பசியாவரத்தைச் சூழ்ந்து கிடக்கும் பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் இந்த மாதிரிச் சிக்கலுக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். பாடு முறை என்பார்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். (முறைக்குள் இடம் கிடைக்காதவர்களின் தகராறு தனிக்கதை, சின்னக் கதையும் இல்லை.) யாருடைய முறை என்பது தண்ணீரில் இறங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அடுத்தவர் படகைக் காணோம் என்பது தன் முறை வந்துவிட்டதற்கு அத்தாட்சி ஆகாது.

நம் சர்வர் ஆட்களுக்கு அதுதான் அத்தாட்சி!

"மூன்றாவது மெஷினை வைத்து ஓட்டெடுப்பு நடத்தினால் சரியாகிவிடும்" என்பார்கள். பாதி உண்மை. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் ஓட்டெடுப்பு ஒழுங்காகவே நடந்தது. பராமரிப்பு வேலையின்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை டேட்டா சென்டரின் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள் பெரும்பான்மை பார்த்து மேற்குக் கடற்கரை மைஎஸ்க்யூஎல் சர்வர்களை மாஸ்டராக்கியது. ஆனால் கிழக்கில் அதற்குள் எழுதப்பட்ட சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. ரொம்பப் பரபரப்பான ஒரு க்ளஸ்டரில் மட்டும் 954 பதிவுகள். இந்தப் பக்கமும் புதிது, அந்தப் பக்கமும் புதிது. எதையும் தூக்கிப்போட முடியாது. 43 நொடிக் கோளாறுக்கு 24 மணி 11 நிமிடம் சேவை தடுமாறியது. மனிதர்கள் ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால் இணைப்பு தானே திரும்பியிருக்கும்.

அப்படியானால் மனிதர்களிடமே விட்டுவிடலாமா? அதற்கும் உதாரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை காலை 11.40க்கு நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு, அதைத் தொடர்ந்து ஸ்டோரேஜ் முடங்கியது என்று விளக்கம் வந்தது. மாற்று மையம் சென்னையில் இருந்தது. அங்கே மாறவே இல்லை! வழக்கமாக 3.30க்கு முடியும் வியாபாரம் 3.45க்குத்தான் மறுபடி தொடங்கி 5 மணி வரை நடந்தது. அடுத்த மாதம் செபி கறாராக எழுதிக்கொடுத்தது: கோளாறு வந்த 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்குப் போக வேண்டும்.

ஆக, மெஷினா மனிதனா என்பதே தப்பான கேள்வி. எத்தனை நொடி காத்திருப்பது, பழைய மாஸ்டரின் கரண்ட்டை யார் பிடுங்குவது, போய்ச்சேராத பதிவுகளை இழக்கச் சம்மதமா, இல்லை மறுபக்கம் சேரும்வரை ஒவ்வொரு எழுத்தும் காத்திருக்கட்டுமா? இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து எழுதிவைக்காமல் வெறும் ஸ்கிரிப்டை ஓடவிடுகிறவர் சர்வரைக் காப்பாற்றவில்லை, சூதாடுகிறார். இரண்டாவதைச் செய்தால் வேகம் குறையும், அதனால்தான் விற்பனைப் பேச்சில் அது வருவதே இல்லை.

எழுதிவைத்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளில் பங்குச் சந்தையைத் திறந்து, கொஞ்ச நேரம் முதன்மை மையத்திலும் கொஞ்ச நேரம் மாற்று மையத்திலும் நிஜ வியாபாரம் நடத்திப் பார்த்தார்கள். அடுத்த முறை "தானாக மாறும் சார்" என்று யாராவது வந்தால், பகல் 12 மணிக்கு மாஸ்டரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவிக் காட்டச் சொல்லுங்கள்.