மீனின் உருவமா, மீனின் உண்மையா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டியதில்லை என்பார்கள். மனிதனோ அந்த மீனிடமே பாடம் கேட்க வேண்டியவனாக இருக்கிறான். ஆனால், எதைக் கேட்பது? இங்கேதான் நாம் தடுமாறுகிறோம் என்பது என் தாழ்மையான கருத்து.

அமெரிக்காவில் 'சீபிரீச்சர்' என்றொரு படகு செய்கிறார்கள். பார்வைக்கு அசல் டால்பின். சுறா வடிவிலும் உண்டு. இருவர் அமரலாம். நீருக்குள் பாய்ந்து, மேலெழுந்து துள்ளும். படத்தில் கண்ட நானும் வாய்பிளந்தேன். பிறகுதான் யோசித்தேன். டால்பின் வாலை மேலும் கீழும் அசைத்து முன்னேறுகிறது. இந்தப் படகை உந்துவதோ பெட்ரோல் எஞ்சின்! வேடிக்கைக்கு இது போதும். அறிவு வளர்ச்சிக்குப் போதுமா?

இதற்கு நேர்மாறானது 'அல்பகோர்'. சூரை மீன் வகை ஒன்றின் பெயர் தாங்கி, 1953-இல் அமெரிக்கக் கடற்படை நீரில் இறக்கிய சோதனை நீர்மூழ்கி. இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கிகள் பெரும்பாலும் நீர்மட்டத்திலேயே ஓடியதால், கப்பலைப் போன்ற கூரிய முகப்பு கொண்டிருந்தன. அல்பகோரை வடிவமைத்தவர்கள் மீனைப் பார்த்து அப்படியே வார்த்துவிடவில்லை. 'நீருக்குள் செல்லும் உடலுக்குத் தடை குறைய வேண்டுமானால் அதன் வடிவம் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்டு, மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்த விடை, முன்புறம் பருத்துப் பின்புறம் கூம்பும் துளி வடிவம். சூரையின் உடல்வாகும் ஏறக்குறைய அதுதானே! செதிலும் கண்ணும் வரையாமலே அது மீனாயிற்று.

இன்னொரு சான்று. மரியானா அகழியின் ஆழத்தில் நத்தைமீன் ஒன்று வாழ்கிறது. அதன் மண்டையோட்டு எலும்புகள் முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை; உடலோ மென்மையானது. சீன அறிவியலார் இதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். மின்னணு உறுப்புகளை ஒரே இடத்தில் நெருக்கி வைக்காமல், பிரித்து, மென்மையான சிலிக்கோனுக்குள் பதித்து ஒரு சிறு இயந்திர மீனைச் செய்தார்கள். கனத்த இரும்புக் கூடு இல்லாமலே, 10,900 மீட்டர் ஆழத்தில், வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், அது துடுப்பை அசைத்தது. அச்செய்தி 2021-இல் வெளியாயிற்று.

இனி நம் கதைக்கு வருவோம். சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் மீனை வரைந்தேன், பாகங்களைக் குறித்தேன், ரெக்கார்டு நோட்டில் கையொப்பமும் பெற்றேன். அந்த உடல் ஏன் அப்படிக் கூம்புகிறது என்று ஒருநாளும் கேட்டேனில்லை. உருவம் என் நோட்டில் இருந்தது. உண்மை மீனோடு போயிற்று. நானும் ஒரு சீபிரீச்சர்தான்!

பாடத்திட்டம் முடிய வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நான் கேட்பது ஒரு பிற்பகல் மட்டும். ஒரே எடையுள்ள களிமண்ணை உருண்டையாகவும், செங்கல்லாகவும், மீனாகவும் பிடித்து, நீர் நிறைந்த உயரமான கண்ணாடி ஜாடியில் போட்டு, அடியை எட்டும் நேரத்தைக் கணக்கிடுவோம். ஜாடியும் நிறுத்து கடிகாரமும் இயற்பியல் துறை தரட்டும். மீன் எங்கள் துறையில் இருக்கிறது.

நண்பர்களே, இனி ரெக்கார்டில் மீனை வரையும்போது, படத்தின் கீழே ஒரு வரி இடம் விடுவோம். அதில் 'ஏன்?' என்று எழுதுவோம்.